அண்ணனுக்கு எழுதவேண்டிய இன்னொரு விடுதலைப் பத்திரம்

கேள்வி: எனக்கு வயது 54. குமரி மாவட்டம், சி.எஸ்.ஐ. சபை. 2006-இல் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். மறு வருஷம் அண்ணன், பேங்கில் லோன் எடுக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்று என்னையும் தங்கையையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசிக்காமல் போட்டேன். அது விடுதலைப் பத்திரம் என்பது நாலைந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு ஆளுக்கு மூன்று லட்சம் தருகிறேன் என்றார், தரவில்லை. அம்மா எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. 2012-இல் என் கணவருக்கு ஆபரேஷன். ஐம்பதாயிரம் கடனாகக் கேட்கப் போன் செய்தேன், எடுக்கவே இல்லை. 2021-இல் அம்மா அடக்கத்தன்று, "உனக்கு நகை போட்டு அனுப்பியாச்சே, இன்னும் என்ன வேணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதோடு பேச்சு இல்லை. இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம், இன்னும் ஆறு வாரம். கார்டு கொண்டுவந்தார். கூடவே அம்மா பேரில் கிடக்கும் 12 சென்ட் விளைநிலத்துக்கும் கையெழுத்து வேண்டும் என்கிறார். "மன்னித்துவிட்டேன் ஆண்டவரே" என்று தினமும் ஜெபிக்கிறேன். எழுந்து அடுப்படிக்கு வருவதற்குள் கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. நாலு வருஷமாகக் கோவிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து எடுக்கவில்லை. மன்னித்தால் கல்யாணத்துக்குப் போகவேண்டுமா? கையெழுத்தும் போடவேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு நம் பதிவு அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். லூக்கா 6:37-ஐப் பழைய தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள், "விடுதலைபண்ணுங்கள்" என்றுதான் ஆண்டவரும் சொல்லியிருக்கிறார். சொல் ஒன்று, பத்திரம் இரண்டு. ஒன்று அண்ணன் நீட்டுவது. இன்னொன்று நீங்களும் தேவனும் மட்டும் அறிய எழுதவேண்டியது. உங்கள் மனதில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இதில் கையெழுத்துப் போட்டால் அதிலும் போட்டே தீரவேண்டும் என்ற பயம் உள்ளே இருக்கும்வரை ஜெபம் நாக்கைத் தாண்டி இறங்காது. ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அண்ணனை மன்னிப்பதால் 12 சென்ட்டில் உங்கள் பங்கு போய்விடாது, பங்கைக் கேட்பதால் மன்னித்தது பொய்யாகிவிடாது. நிலத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஜெபம்.

தினமும் சொல்லியும் ஏன் நிற்கவில்லை? மத்தேயு 18-இல் பேதுரு, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று கேட்கிறார். ஏழெழுபது தரம் என்று பதில் சொல்லிவிட்டு ஆண்டவர் ஒரு உவமை சொல்கிறார். அது எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். ராஜா தன் ஊழியக்காரரிடத்தில் கணக்குப் பார்க்க உட்காருகிறான். முதலில் கணக்கு. ஒருவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து என்று தொகை தெரிந்த பிறகுதான் தள்ளுபடி. நீங்கள் கணக்குப் பார்க்காமலேயே தள்ளுபடி செய்யப் பார்க்கிறீர்கள். "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்" என்றால் எதை என்று உங்களுக்கே தெரியவில்லை. தள்ளப்படாத ஒவ்வொரு பாக்கியும் அடுப்படியில் தனித்தனியாக வந்து நிற்கிறது.

அந்த உவமையில் இன்னொரு தொகையும் உண்டு. தள்ளுபடி பெற்ற அவனிடம் உடன் வேலைக்காரன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணம். அது அற்பத் தொகை என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நூறு நாள் கூலி சேர நாலு மாதம் ஆகும். இன்று நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம். ஏழை வீட்டில் இது விளையாட்டுப் பணமா? ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்பதால் ராஜாவிடம் பட்டவனுடைய கடன் ஆறு கோடி நாள் கூலி, அதாவது ஆறாயிரம் கோடி ரூபாய். அதற்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு லட்சம் சிறிதாகத் தெரிகிறது. உங்களுக்கு நடந்த நஷ்டம் ஒன்றுமே இல்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. யாராவது உங்களிடம் "போகட்டும் விடு, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொன்னால், அவர் உவமையைப் பாதிதான் வாசித்திருக்கிறார்.

எனவே முதல் வாரம் ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு கணக்கு எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. இந்த அளவு சும்மா சொன்னதல்ல. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மனதை அழுத்தும் சம்பவங்களைப் பற்றி எழுதவைத்தது இதே அளவில்தான். பிறகு பலரும் அதையே பின்பற்றினார்கள். மணிக்கணக்காக எழுதினால் மனம் செக்கு மாடு மாதிரி அதே தடத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். படுக்கப்போகும் முன் வேண்டாம், தூக்கம் கெடும். மதியம் பாத்திரம் கழுவி முடித்து வீடு அமைதியாக இருக்கும் நேரம் நல்லது. போனில் தட்டாதீர்கள், கோபத்தில் ஒரு விரல் தவறினால் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விடும்.

என்ன எழுதுவது? ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி. அவர் என்ன செய்தார். எனக்கு என்ன போயிற்று. நான் என்ன எதிர்பார்த்தேன். முதல் வரியில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் இருக்கட்டும். "போன் எடுக்கவில்லை" என்பது நடந்தது. "அண்ணி சொல்லிக்கொடுத்துத்தான் எடுக்கவில்லை" என்பது உங்கள் ஊகம். ஊகத்தையும் எழுதுங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவையுங்கள். நடக்காததை மன்னிக்க முடியாது. பழைய கசப்பு பலருக்கும் இறங்காமல் கிடப்பதற்கு ஒரு காரணம் இந்தப் பெருக்கல் குறிகள்தான். பதினெட்டு வருஷத்தில் சம்பவம் நான்குதான் இருக்கும். அதைச் சுற்றி ஊகம் நாற்பது முளைத்திருக்கும்.

எழுதி முடித்தபின் எது உண்மையில் கனமாக இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தின் விலையாக இருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் பத்திர விஷயத்தைச் செய்தி சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அடக்கத்தன்று சொன்ன வார்த்தையை மட்டும் அவர் சொன்னபடியே, மேற்கோள் போட்டு எழுதியிருக்கிறீர்கள். வலி அங்கேதான் இருக்கிறது. நிலத்தில் போனது சொத்து. அன்று அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் போனது "இந்த வீட்டுப் பெண்" என்ற உங்கள் இடம். அதைத் தனியாக எழுதுங்கள். நிலக்கணக்கோடு கலந்துவிட்டால் மூன்று லட்சம் கைக்கு வந்தாலும் ஆறாது.

நாலாம் நாள் முடிந்ததும் 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனமும் "எதுவரைக்கும்" என்ற கேள்விதான். அதன்பின் 55. அதில் சங்கீதக்காரன், என்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன் என்று புலம்புகிறான். கூடப்பிறந்தவர் செய்த துரோகம் ஏன் இத்தனை சுடுகிறது என்பதற்கு வேதத்தில் இதைவிட நேரான இடம் இல்லை. கோபத்தைத் தேவனிடம் சொல்லக்கூடாது என்று நம் சபைகளில் யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சங்கீதப் புத்தகம் அப்படிக் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து ஜெபம். ஒரு நாளில் ஒரு பாக்கி, அதற்குமேல் வேண்டாம். கனம் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்; அடக்கத்து வார்த்தை கடைசி. வார்த்தைகள் தெளிவாக இருக்கவேண்டும் என்பதால் ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்: "ஆண்டவரே, 2012-இல் என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் என் போனை எடுக்கவில்லை. அது தப்பு. அன்றைக்கு நான் நாதியில்லாதவளாக நின்றேன். அந்தக் கடனை இனி நான் அவரிடம் வசூலிக்கமாட்டேன். நியாயத்தை உம்முடைய கையில் விடுகிறேன்." சொன்னதும் நோட்டில் அந்தச் சம்பவத்துக்கு நேராகத் தேதி போடுங்கள். கண்ணீர் வரவேண்டும், மனசு லேசாகவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது யாரும் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதில்லை. தேதியும் கையெழுத்தும்தான் பார்ப்பார்கள்.

"அது தப்பு" என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். தப்பே இல்லாத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது? "பாவம், அவர் சூழ்நிலை" என்று தொடங்கினால் அது மன்னிப்பல்ல, சாக்குச் சொல்வது.

புதிய ஏற்பாட்டில் மன்னிப்பதற்கு அதிகமாக வரும் கிரேக்கச் சொல்லுக்கு விட்டுவிடுதல் என்று பொருள். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு அவருக்குப் பின்சென்றார்கள் என்று மத்தேயு 4:20-இல் வருகிறதே, அங்கும் அதே சொல்தான். வலையை விட்டவர்கள் அதைக் கொளுத்தவும் இல்லை, மறக்கவும் இல்லை. கையிலிருந்து இறக்கினார்கள்.

சரி, தேதி போட்ட மறுநாளே கொதித்தால்? கொதிக்கும். அதனால் நேற்றைய ஜெபம் செல்லாமல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மன்னிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் எவரெட் வொர்திங்டன், தன் தாயையே கொலைக்குப் பறிகொடுத்தவர். முடிவெடுத்து மன்னிப்பது வேறு, உணர்ச்சி மாறுவது வேறு என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். முதலாவது ஒரு நாளில் நடக்கலாம். இரண்டாவது தன் வேகத்தில் வரும், சில சமயம் வருஷக்கணக்கில். ஏழெழுபது என்பது ஒரே தப்பு நினைவில் திரும்பத் திரும்ப வரும்போது திரும்பத் திரும்ப விடுவதற்கும் பொருந்தும். நினைவு வந்தால் விவாதிக்காமல் நோட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். "இது தள்ளியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். அடுப்படிச் சுவரில் அந்தத் தேதியை மட்டும் பென்சிலால் எழுதிவைத்தாலும் சரி, பார்ப்பவர்களுக்கு அது பால் கணக்கு.

கவனிக்கவேண்டியது கொதிப்பை அல்ல, வசூலை. தள்ளிய கடனை நாம் சில்லறை சில்லறையாக வசூலிப்போம், நமக்கே தெரியாது. பிள்ளைகளிடம் "உன் மாமா செய்ததை மறந்துடாதே" என்பது வசூல். அவர் ரப்பர் விலை விழுந்தது என்று கேட்டதும் உள்ளே ஒரு குளிர்ச்சி வந்தால் அதுவும் வசூல். வசூலில் மோசமானது பக்தி வேஷத்தில் வருவது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில், "எங்க அண்ணனுக்காக ஜெபம் பண்ணுங்க, சொத்து ஆசை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று ஜெபக்குறிப்புக் கொடுப்பது. ஆமென் சொல்லி முடிக்கும் முன்னே அது மூன்று சேகரத்துச் சபைகளைச் சுற்றி அண்ணன் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். பெயரில்லாமல், "எனக்கு ஒரு கசப்பு இருக்கிறது, அதிலிருந்து விடுபட ஜெபியுங்கள்" என்று கேட்டால் போதும். தனி ஜெபத்திலும் "அவரை உணர்த்தும், அவர் கண்ணைத் திறவும்" என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள். அது ஜெபத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு வரும் புகார். பதிலாக, அவருக்கு ஒரு நன்மையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "ஆசீர்வதியும்" என்பது சுலபம். "அவர் மகள் போகிற வீட்டில் மாமியாரோடு ஒத்துப்போகட்டும்" என்பது கொஞ்சம் கடினம். அந்தக் கடினம்தான் வேலை செய்கிறது.

அண்ணன் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசிக்க மூன்றாம் வாரத்தில் இடம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். உங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, தகப்பன் உயில் இல்லாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. சில பிரிவினருக்கு விலக்கு உண்டு, ஆனாலும் பொது வழக்கம் இதுதான். கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல்தான் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், மகனும் மகளும் சமம் என்று தீர்த்தது. அப்போது உங்களுக்குப் பதினைந்து வயது இருக்கும். "நகை போட்டு அனுப்பியாச்சே" என்ற வார்த்தையை உங்கள் அண்ணன் உண்டாக்கவில்லை. தாத்தா காலத்துச் சட்டம் அவர் வாயால் பேசியிருக்கிறது. இதனால் பேங்க் லோன் என்று அவர் சொன்ன பொய் உண்மையாகிவிடாது. ஆனால் உங்களைக் குறிவைத்து அவமானப்படுத்தினார் என்று நோட்டில் எழுதியிருந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடலாமா என்று பாருங்கள்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் அவரைப் பற்றி: எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே வேறு வருஷத்துக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அங்கே ஒரு கதவு சாத்தியிருப்பதாகத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட குடும்ப வழக்குகளில் பெரிய கோபம் ஏமாற்றியவர் மேல் இருப்பதாகத் தெரியும். கிளறிப் பார்த்தால் தடுக்கக்கூடியவராக இருந்தும் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் மேல் இருக்கும். இறந்த தாயிடம் கோபப்படுவது பாவம் என்று அதையும் சேர்த்து அண்ணன் கணக்கில் எழுதிவிடுவோம். அவர் தன் பங்கைவிட இரண்டு பங்கு சுமப்பார். எவ்வளவு தள்ளினாலும் பாக்கி தீராது. அம்மாவுக்கு ஒரு தனிப் பக்கம் எழுதுங்கள். மகன் வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தவர், வயதானவர் என்ற காரணங்களை எழுதும் முன், "நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அம்மா" என்ற வரியை எழுதுங்கள். கல்லறைக்குப் போகும் வழக்கம் இருந்தால் அங்கே வைத்து அந்தப் பாக்கியைத் தள்ளுங்கள். இறந்தவர்களோடு ஒப்புரவாக முடியாது, அவர்களிடம் வரவேண்டிய கடனை விட முடியும். வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்த முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அண்ணன் சொல்லை நம்பியது குற்றமல்ல.

திருவிருந்து. நாலு வருஷமாக நீங்கள் விலகியிருப்பதற்கு மத்தேயு 5:23-தான் காரணமாக இருக்கும்: காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது. அந்த வசனத்தைப் பொறுமையாக வாசியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் என்கிறது. அதாவது தப்புச் செய்தவனுக்குச் சொன்னது. உங்களுக்கு ஒருவன்பேரில் குறை இருந்தால் என்ன செய்யவேண்டும் என்பது மாற்கு 11:25-இல் இருக்கிறது: நின்று ஜெபம்பண்ணும்போது அங்கேயே மன்னியுங்கள். அவன் வந்து கேட்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. லூக்கா 17:3-இல் "அவன் மனஸ்தாபப்பட்டால்" என்று வருவது உறவு திரும்பக் கட்டப்படுவதைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் இடிக்காது. விடுதல் ஒருவரே செய்யக்கூடியது, ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். பவுலும் 1 கொரிந்தியர் 11:28-இல் தன்னைச் சோதித்தறிந்து புசிக்கவேண்டும் என்கிறார், சோதித்தறிந்து ஒதுங்கியிருக்கச் சொல்லவில்லை. சி.எஸ்.ஐ. சபை 1950-இல் தந்த ஆராதனை முறையில், பந்திக்கு முன் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சமாதானம் வழங்குகிறோமே, அது இதற்காகத்தான். அண்ணன் அதே சபையில் இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிக்கும்போது மனதுக்குள் அவர் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கே போங்கள். நோட்டு முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அது குணமானவர்களுக்கான விருந்து அல்லவே.

அண்ணனிடம் நேரில் போய் "உன்னை மன்னிச்சுட்டேன்" என்று சொல்லவேண்டுமா? வேண்டாம். தான் தப்புச் செய்ததாக நினைக்காதவரிடம் அப்படிச் சொன்னால் அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும், அன்றைக்கே சண்டை. எப்போதாவது அவரே பேச்செடுத்தால், அல்லது பேசியே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், மத்தேயு 18:15 சொல்வதுபோல அவரும் நீங்களும் தனித்திருக்கையில். போனில் அல்ல, அண்ணியையும் உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு அல்ல. ஒரே ஒரு விஷயம் மட்டும்: "அம்மா அடக்கத்தன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது அண்ணே." அதற்குமேல் பட்டியல் போடாதீர்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் பின்னால் போகாதீர்கள்.

சகோதரர்களே அடிமையாக விற்ற யோசேப்பை எடுத்துக்காட்டி உடனே கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள். யோசேப்பு உடனே கட்டிப்பிடிக்கவில்லை. விற்கப்பட்டபோது வயது பதினேழு. எகிப்தில் அதிபதியாகி, தானியம் வாங்க வந்த அவர்களுக்குத் தன்னை வெளிப்படுத்தியபோது முப்பத்தொன்பது வாக்கில். அதற்கு முன் சகோதரர்களை ஊருக்கு அனுப்பி, மறுபடி வரவழைத்து, பென்யமீன் சாக்கில் வெள்ளிப்பாத்திரத்தை வைத்து, இவர்கள் இன்னொரு தம்பியையும் கைவிடுவார்களா என்று சோதித்தார். அண்ணன்களில் ஒருவரான யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் அழுது வெளிப்பட்டார். தானியம் முதலிலேயே கொடுத்தார், நம்பிக்கையைப் பிறகு கொடுத்தார். இன்னொன்றும் உண்டு: அதன்பின் தகப்பன் யாக்கோபு எகிப்தில் பதினேழு வருஷம் வாழ்ந்து இறந்தார். அடக்கம் முடிந்ததும் சகோதரர்கள், இனி யோசேப்பு பழிவாங்குவார் என்று மறுபடி நடுங்குகிறார்கள். பதினேழு வருஷம் அவர் சோற்றைத் தின்றும் அந்த மன்னிப்பை அவர்கள் நம்பவில்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுதார். உங்கள் அண்ணனும் கார்டு கொண்டுவந்த கையோடு பத்திரப் பேச்சையும் எடுத்தது உங்களைப் பார்த்த பயத்திலா, பேராசையிலா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போது தெரியவேண்டியதில்லை.

கல்யாணத்துக்குப் போகலாம் என்பது என் எண்ணம். மன்னித்ததற்கு அத்தாட்சி காட்ட அல்ல. 2007-இல் அந்தப் பெண் கைக்குழந்தையாகவோ பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ இருந்திருப்பாள். உங்கள் கணக்கில் அவள் பெயர் இல்லை, நீங்களோ அவளுக்கு அத்தை. ஆனால் அளவோடு போங்கள். கோவில் ஆராதனைக்குப் போய், தங்கையோடு உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் பெண்ணின் தலையைத் தொட்டுவிட்டு வரலாம். பந்திக்கு உட்காருவதா வேண்டாமா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். மண்டபத்தில் யாராவது "அப்போ சமாதானமாயாச்சா, கையெழுத்தும் போட்டுட்டியா" என்று நோண்டினால், "இன்னைக்குக் கல்யாணம், அதைப் பேசுவோம்" என்ற ஒரே பதில். ஆறாவது வாரத்திலும் அந்த வாசலை நினைத்தாலே கை நடுங்குகிறது என்றால் போகாதீர்கள். பெண்ணுக்கு ஒரு கடிதமும் ஒரு சேலையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதானே ரோமர் 12:18-இல் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமோ பசியோ இல்லாமல் போனால் ஜெபத்தோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள்.

இனி கையெழுத்து. கல்யாணத்துக்கு முன் எதிலும் போடாதீர்கள். அழுது ஜெபித்து எழுந்த அன்றும் போடாதீர்கள். 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, சகோதரனோடு வழக்காடலாமா, நஷ்டத்தைச் சகிக்கக்கூடாதா என்று கேட்பார்கள். அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்: சகோதரருக்கே அநியாயஞ்செய்து நஷ்டப்படுத்துகிறீர்களே என்று பவுல் மறுபக்கத்தைக் கடிந்துகொள்கிறார். சபைக்குள்ளேயே தீர்த்துவைக்க ஒரு விவேகி இல்லையா என்றும் கேட்கிறார். அந்த வழி நல்ல வழி. இரு பக்கமும் சொந்தமில்லாத, நிலம் புரிந்த ஒரு மூப்பரும் போதகரும் உட்கார்ந்து பேசலாம். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் 1999-இல் கணவரையும் இரண்டு மகன்களையும் ஒடிசாவில் எரித்தவர்களைப் பகிரங்கமாக மன்னித்தார். வழக்கு தன் பாட்டில் நடந்து 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. யாரும் அவர் மன்னிப்பை அரைகுறை என்று சொல்லவில்லை.

உங்கள் அம்மா விதவையாக, உயில் இல்லாமல் இறந்ததாக வைத்துக்கொண்டால், 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த 12 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமம், ஆளுக்கு 4 சென்ட். பெற்றோர் உயிரோடிருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 49-ஆவது பிரிவு சொல்கிறது. நகைப் பேச்சுக்கு அது பதில். 2007 பத்திரம் கடினம். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்துசெய்யக் கோருவதற்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் காலவரம்பு. நாலைந்து மாதத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்கிறீர்கள். பத்திரத்தைப் பார்த்துவிட்டு வழக்கறிஞர் சொல்லட்டும், ஆனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். நீதிமன்றம் திருப்பித் தர முடியாத அந்தப் பாகம்தான் நோட்டில் உங்களுக்கு மிக நீளமான பக்கமாக இருக்கும்.

4 சென்ட்டை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனதிருந்தால் தாராளமாகக் கொடுங்கள், தடையில்லை. அதன் இன்றைய விலை என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே வாசித்துக் கொடுங்கள். "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தால், பெறாவிட்டால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் பாகப்பிரிவினை கேளுங்கள். தங்கையோடு சேர்ந்தே கேளுங்கள். அண்ணன் கூட்டிவரும் வழக்கறிஞர் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவர். அவரைப் பார்க்கப்போகும்போது 2007 பத்திரத்தின் சான்றிட்ட நகல், அம்மாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அந்த 12 சென்ட்டுக்கு வில்லங்கச் சான்று, பட்டா நகல் இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.